முதல் சோதனையில் எதையும் சோதிக்காதீர்கள்

உயிருள்ளவற்றை வைத்து அறிவியல் முறையைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் முதல் சோதனையில் எதையுமே சோதிக்கக் கூடாது என்பது என் கட்சி.

பள்ளி நேரம் முடிந்தபின், பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளோடு ஒரு சிறு அறிவியல் குழுவைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஆய்வுக்கூடம் என்று எதுவும் கிடையாது. விதை, எறும்பு, பழ ஈ, மண்ணுக்கடியில் வாழும் சில்லறை உயிர்கள், ரொட்டிப் பூஞ்சை, சில நாட்களில் பிள்ளைகளின் சொந்த நாடித்துடிப்பு, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. அறிவியல் முறையின் படிகளைக் கேட்டால் எல்லோரும் ஒப்பிப்பார்கள்: உற்றுநோக்கு, கேள்வி கேள், கருதுகோள் எழுது, சோதனை செய், முடிவு சொல். ஆனால் இரண்டு செடிகளில் ஒன்று கொஞ்சம் உயரமாக இருந்துவிட்டால் போதும், உடனே கருதுகோள் நிரூபணமாகிவிடும். அந்த அவசரத்தைப் பேசிப் புரியவைக்க முடியாது. பயறுதான் புரியவைக்கும்.

இரண்டு தட்டு, ஒரே பயறு

ஒரே பையிலிருந்து பச்சைப்பயறை எடுத்து, பார்த்துப் பொறுக்காமல், ஒரு தட்டில் 20, இன்னொரு தட்டில் 20 வைக்கச் சொல்வேன். ஒரே துணியை வெட்டி இரண்டிலும் விரிக்க வேண்டும். ஒரே கரண்டியால் ஒரே அளவு தண்ணீர். இரண்டும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில். ஒரு தட்டில் சிவப்புப் புள்ளி, மற்றதில் நீலப் புள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நீலத்துல என்ன மிஸ் கலந்திருக்கீங்க?"

"ஒண்ணும் கலக்கல."

நம்ப மாட்டார்கள். ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்றே கடைசிவரை நினைப்பார்கள். மூன்று நான்கு நாளில் வேர் விட்டதும் ஒவ்வொரு வேரையும் மில்லிமீட்டரில் அளந்து சராசரி எடுப்போம். இரண்டு சராசரியும் ஒன்றாக வந்து நான் பார்த்ததே இல்லை. சில சமயம் மயிரிழை வித்தியாசம், சில சமயம் நல்ல வித்தியாசம். உடனே காரணங்கள் கிளம்பும். சிவப்புத் தட்டு ஜன்னல் பக்கம் இருந்தது. நீலத்தில் துணி கொஞ்சம் தடிமன். சிவப்பில் விதை வைத்தவன் கையில் ராசி. எல்லாவற்றையும் பலகையில் எழுதவைப்பேன், பலகை நிறைந்துவிடும்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: "நீலத்துல உரம் போட்டிருக்கேன்னு நான் முதல்லயே சொல்லியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

"உரத்தாலதான் நீளமா வளர்ந்துச்சுன்னு எழுதியிருப்போம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அந்தப் பதில் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். நாம் சொன்னால் அது இன்னொரு மனப்பாட வரி.

இந்தப் பாடத்துக்கு ஊசல் உதவாது. ஊசலின் நீளத்தை மாற்றாமல் எத்தனை முறை ஆட்டினாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் காட்டும். பிள்ளை ஒரே ஒரு முறை ஆட்டிவிட்டு முடிவு எழுதினாலும் தப்பித்துவிடும். பயறு அப்படி விடாது. ஒரே நெற்றிலிருந்து வந்த இரண்டு பயறுகூட ஒரே வேகத்தில் முளைக்காது. எதுவும் செய்யாமலேயே வித்தியாசம் வரும் என்பது தெரிந்தால்தான், ஏதாவது செய்தபிறகு வரும் வித்தியாசத்தைச் சந்தேகிக்கத் தோன்றும். உயிர்களை வைத்துக் கற்றுக்கொடுப்பதன் முழுப் பயனும் இந்தத் தொல்லையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்த கட்டம் சீட்டுக் குலுக்கல். நாற்பது வேர்களின் நீளத்தையும் நாற்பது சீட்டுகளில் எழுதி, நிறத்தை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் குலுக்கி, இருபது இருபதாக இரண்டு குவியல் போட வேண்டும். இரு குவியல்களின் சராசரி வித்தியாசத்தைக் கணக்கிட்டு, பலகையில் வரைந்திருக்கும் கோட்டில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மறுபடி குலுக்கு, மறுபடி புள்ளி. இரண்டிரண்டு பேராகச் செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் புள்ளிகள் ஒரு குன்றுபோலக் குவியும். வெறும் குலுக்கலே எவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தர முடியும் என்பது கண்ணெதிரே நிற்கும். சிவப்பு–நீலத் தட்டுகளின் உண்மையான வித்தியாசத்தை அதே கோட்டில் குறித்தால், பெரும்பாலும் குன்றின் நடுவில்தான் விழும்.

பின்னொரு நாள் ஒரு தட்டுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிச் செய்யும்போது, அந்த வித்தியாசம் குன்றைத் தாண்டி வெளியே தனியாக விழும். "இது குலுக்கல்ல வந்ததில்ல மிஸ்" என்று அவர்களே சொல்வார்கள். நிகழ்தகவு என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

இந்த யோசனைக்குப் பெரிய வம்சாவளி உண்டு. அயல் மகரந்தத்தால் உண்டான செடி, தன் மகரந்தத்தால் உண்டான செடி என்று டார்வின் ஜோடி ஜோடியாக மக்காச்சோளம் வளர்த்து உயரம் அளந்திருந்தார். அந்த 15 ஜோடிகளின் கணக்கைப் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1935-ல் கையிலெடுத்தார். ஒவ்வொரு ஜோடியிலும் எது எந்த வகை என்பது வெறும் அதிர்ஷ்டத்தால் அமைந்திருந்தால் என்னென்ன வித்தியாசங்கள் வந்திருக்கும் என்று 32,768 வழிகளையும் கணக்கில் எடுத்து, டார்வினுக்குக் கிடைத்த வித்தியாசம் அவற்றில் எங்கே விழுகிறது என்று பார்த்தார். எங்கள் பலகையில் நடப்பது அதன் சின்னத் தம்பி.

இருட்டுச் செடி ஏன் ஜெயித்தது?

எல்லோரும் செய்யும் சோதனைதான்: ஒரு தொட்டி வெளிச்சத்தில், ஒன்று மூடிய பெட்டிக்குள். ஆனால் செய்வதற்கு முன் ஒவ்வொருவரும் என்ன நடக்கும் என்று எழுதி, பெயர் போட்டு, மடித்து ஓர் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். இந்த உறை முக்கியம். இல்லாவிட்டால் முடிவைப் பார்த்தபிறகு, "நான் அப்பவே நினைச்சேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரியவர்களும் சொல்வோம்.

உறைக்குள் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருக்கும்: இருட்டில் முளைக்காது, முளைத்தாலும் குட்டையாக இருக்கும். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால், இருட்டுச் செடிகள் வெளிச்சத்துச் செடிகளைவிட நன்றாக உயர்ந்து நிற்கும். வெளிறி, மெலிந்து, இலை விரியாமல். உயரத்தை மட்டும் எழுதும் அட்டவணை போட்டிருந்தால் இருட்டே வென்றது என்றுதான் எழுத வேண்டும். ஒரு பையன் அப்படியே எழுதிவிட்டு, "ஆனா எனக்கே இது பிடிக்கல" என்றான். அங்கிருந்துதான் நல்ல விவாதம் தொடங்கியது. வளர்ச்சி என்றால் எதை அளப்பது? உயரமா, இலையின் பரப்பா, தண்டின் தடிமனா, எடையா? எடை என்றால் தண்ணீரோடா, இல்லாமலா?

மண்ணுக்குள் இருக்கும் முளை வெளிச்சத்தை எட்டும்வரை, கையிருப்பை எல்லாம் நீள்வதற்கே செலவழிக்கும்; பெட்டிக்குள் அது செய்வதும் அதைத்தான். இதை உடனே சொல்லிவிடாமல் எடையைப் பார்க்கவிடுவது நல்லது. சற்றுப் பெரிய பீன்ஸ் விதைகளாக எடுத்து, முளைத்த செடிகளை வேரோடு பிடுங்கிக் கழுவி, எடை மாறாத வரைக்கும் காயவைத்து, 0.01 கிராம் காட்டும் சிறிய தராசில் நிறுத்தோம். ஒப்பிடுவதற்கு அதே எண்ணிக்கையில் முளைக்காத விதைகள். அந்த விதைகளுக்குள்ளும் ஈரம் இருக்கும், அவற்றையும் காயவைக்காமல் ஒப்பிட்டால் கணக்கு செல்லாது என்று சுட்டிக்காட்டியது குழுவிலேயே சின்னப் பெண். நிறுத்துப் பார்த்தால், அத்தனை உயரம் வளர்ந்த இருட்டுச் செடிகளின் காய்ந்த எடை, தொடங்கிய விதைகளின் காய்ந்த எடையைவிடக் குறைவு. வளர்ந்து வளர்ந்து எடை இழந்திருக்கிறது! மீதி எங்கே போயிற்று என்ற கேள்வி சுவாசத்துக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் தானாக இட்டுச் செல்லும்.

பதினேழாம் நூற்றாண்டு வேதியியலாளர் வான் ஹெல்மான்ட்டின் வில்லோ மரக் கதைக்கு இதுவே சரியான இடம். 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ். ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவுகட்டினார். அவர் இறந்தபின் 1648-ல் அச்சான எழுத்துகளில் இந்தச் சோதனை இருக்கிறது. அளந்தது அத்தனையும் ஒழுங்கு. காற்றை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் எரியும் கரியிலிருந்தும் நொதிக்கும் சாற்றிலிருந்தும் வரும் வாயுவைப் பற்றி எழுதியவரும் அவரே. "பக்கத்துலயே வெச்சுக்கிட்டுத் தேடியிருக்காரு" என்றாள் ஒருத்தி. அளவு சரியாக இருந்தும் முடிவு தவறலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எறும்புச் சாரையும் திருப்பிய காகிதமும்

எறும்பு வாசனை பிடித்துத்தான் வரிசையில் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. "தெரிஞ்சிருக்கு, சரி. எப்படிக் காட்டுவ?" என்று கேட்டால் முதலில் வரும் யோசனை, சாரையின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுப்பது. இழுத்தால் எறும்புகள் அந்த இடத்தில் தடுமாறும். நிரூபித்தாகிவிட்டது என்று கை தட்டுவார்கள்.

எங்கள் குழுவில் கை தட்டாத ஒருவன் இருந்தான். "அழிஞ்சதால நின்னுச்சா, இல்ல உன் விரல் வேர்வைக்குப் பயந்து நின்னுச்சா?" என்று கேட்டான். ஒரு மாற்றம் செய்யப்போய் இரண்டு மாற்றம் செய்துவிட்டோம் என்பதை நான் எந்தச் சொற்பொழிவிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. இரண்டையும் பிரிப்பது எப்படி என்று யோசிக்கவிட்டேன். நேரமானது. கடைசியில் வந்த வழி அழகானது: சாரையின் பாதையில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை வைத்து, எறும்புகள் பழகி அதன்மேல் ஏறி இறங்கும்வரை காத்திருப்பது, பிறகு விளிம்பைக் குச்சியால் தள்ளி, காகிதத்தைக் கால் வட்டம் திருப்பிவிடுவது. பாதை அழியவில்லை, புது வாசனை எதுவும் சேரவில்லை, திசை மட்டும் மாறியிருக்கிறது. அதற்கு ஒப்பீடாக, இன்னொரு காகிதத்தை அதே குச்சியால் அசைத்து அதே திசையில் திரும்ப வைப்பது.

பார்க்கத் தொடங்கியதும் சண்டை வந்தது. ஒருத்தி "குழம்புது" என்பாள், பக்கத்தில் இருப்பவன் "இல்ல, சும்மா நிக்குது" என்பான். ஆகவே எதைக் குழப்பம் என்று எண்ணுவது என்று முதலில் விதி எழுதினோம்: காகித விளிம்பில் வந்து பின்னால் திரும்பினால் ஒன்று, நேராகக் கடந்தால் பூச்சியம், மற்றவை கணக்கில் இல்லை. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இருவர் எண்ணிக்கையும் ஒத்துவரும்வரை விதியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமையாக இருங்கள். பிள்ளைகளுக்கு இது சலிப்பு, ஆனால் உண்மையான வேலை இதுதான்.

திருப்பிய காகிதத்தில் திரும்பிய எறும்புகள் தெளிவாக அதிகம். ஆனால் வேறொரு இனத்துச் சாரையில் செய்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எறும்பினங்களில் பார்வையையும் சுற்றுப்புற அடையாளங்களையும் அதிகம் நம்புபவை உண்டு. "எறும்பு" என்று எழுதியிருந்த முடிவை "இந்தச் சிவப்பு எறும்பு, இந்தச் சுவரில்" என்று அவர்களே சுருக்கிக்கொண்டார்கள். அறிவியல் எழுத்தில் இந்தச் சுருக்கம் பெரியவர்களுக்கே கைவர நாளாகும்.

கொஞ்சிய செடி, திட்டிய செடி

ஒவ்வொரு குழுவிலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். செடியிடம் அன்பாகப் பேசினால் நன்றாக வளருமாமே? சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். அளக்கிறவரின் ஆசை அளவுக்குள் நுழைவதைக் காட்ட இதைவிடத் தோதான சோதனை இல்லை.

முதல் சுற்றில் அவர்கள் விருப்பப்படியே விட்டேன். கொஞ்சுகிறவர்களே தண்ணீர் ஊற்றி, அவர்களே அளந்தார்கள். கொஞ்சிய செடிகள் உயரம். அன்றே, அதே செடிகளை, எந்தத் தொட்டி எது என்று தெரியாத வேறு பிள்ளைகள் அளந்தார்கள். இடைவெளி பாதிக்கு மேல் காணாமல் போனது. யாரும் ஏமாற்றவில்லை. இலை நுனி வரை அளப்பதா, குருத்து வரையா, சாய்ந்த தண்டை நிமிர்த்தி அளப்பதா, அப்படியே அளப்பதா என்று ஒவ்வொரு செடியிலும் ஒரு சின்ன முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சின்ன முடிவுகளெல்லாம் பிடித்த பக்கமே சாய்கின்றன.

இரண்டாம் சுற்றில் எந்தத் தொட்டி எந்தக் குழுவுக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தோம். கொஞ்சுவதும் திட்டுவதும் ஒரே தூரத்திலிருந்து, ஒரே நேர அளவுக்கு (மூச்சிலும் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் இருக்கிறதே). தொட்டிகளின் இடம் தினமும் மாறும். தண்ணீர் ஊற்றுகிறவருக்கும் அளக்கிறவருக்கும் எது எது என்று தெரியாது. சீட்டுக் குலுக்கல் செய்து பார்த்ததில், வித்தியாசம் குன்றின் நடுவிலேயே விழுந்தது. "அப்போ செடிக்குக் காது கேக்காதுன்னு எழுதலாமா?" என்று கேட்டார்கள். எழுதக் கூடாது. இந்தச் செடியில், இத்தனை நாளில், இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் எங்களுக்கு வித்தியாசம் தென்படவில்லை என்று மட்டும் எழுதலாம். அதை எழுதும்போது ஒருவருக்கும் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

ஹான்ஸ் என்ற குதிரையின் கதையை அன்றைக்குச் சொன்னேன். கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டிய குதிரை அது. கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்பதை உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்து 1907-ல் வெளியிட்டார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையிலும் முகத்திலும் தன்னையறியாமல் தோன்றும் சிறு அசைவைப் பார்த்தே குதிரை நிறுத்திக்கொண்டது. 1963-ல் ரோசன்தால், ஃபோட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் செய்தது இன்னும் நேரடியானது: எந்த வேறுபாடும் இல்லாத எலிகளை மாணவர்களிடம் கொடுத்து, சிலருக்கு "புத்திசாலி எலி", சிலருக்கு "மந்தமான எலி" என்று சொன்னார்கள். புத்திசாலி என்று சொல்லப்பட்ட எலிகள் புதிர்ப்பாதையில் நன்றாக ஓடியதாகப் பதிவானது.

செடிக்குப் பாட்டு என்ற பேச்சு வந்தால் டார்வினின் மண்புழுக்களையும் இழுத்துவிடலாம். ஊதலுக்கும் பசூன் என்ற குழல் வாத்தியத்துக்கும் அசையாத புழுக்கள், தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் வளைக்குள் போய்விட்டன. காற்றில் வரும் ஒலி வேறு, தொட்டி வழியாக வரும் அதிர்வு வேறு. இரண்டையும் பிரித்ததில்தான் அவருடைய சாமர்த்தியம்.

மூன்றாவது ஜாடி

அழுகும் பொருளில் புழு தானாகத் தோன்றுகிறது என்று நம்பப்பட்ட காலத்தில் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சியை மூடிய ஜாடிகளிலும் திறந்த ஜாடிகளிலும் வைத்துப் பார்த்தார்; மூடியதில் புழு இல்லை. காற்று போகாததால்தான் புழு பிறக்கவில்லை என்று எதிராளி சொல்வார் என்பதை எண்ணி, வலைத்துணி கட்டிய ஜாடிகளையும் வைத்தார். காற்று போகும், ஈ போகாது. 1668-ல் இதை எழுதி வெளியிட்டார். எதிராளி என்ன சொல்வான் என்று யோசித்து அவனுக்காக ஒரு ஜாடி வைப்பது, ஒப்பீட்டுக் குழு என்பதற்கு நான் தரும் விளக்கம்.

இறைச்சி நாற்றம் தாங்காது என்பதால் நாங்கள் பழமும் பழ ஈயும் வைத்துச் செய்கிறோம். இதில் ஒரு திருப்பம் உண்டு, எச்சரித்துவிடுகிறேன். துணி கட்டிய ஜாடிக்குள்ளும் சில நாளில் ஈ வரும். தானே தோன்றிவிட்டது என்று பிள்ளைகள் குதிப்பார்கள். பழுத்த பழத்தின் தோலில் ஏற்கெனவே ஈ முட்டையிட்டிருக்கும் என்பது அவர்களுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆகும்; உறைத்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். தோலை நீக்கி, உள்சதையை வேகவைத்து, ஆறியதும் மறுபடி மூன்று ஜாடி. இந்த இரண்டாம் முறையை முதல் முறையாகவே செய்துவிடலாமே என்று ஒரு சக ஆசிரியை கேட்டார். செய்யலாம், ஒரு வாரம் மிச்சமாகும். முட்டை எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அந்த அரைமணி நேரமும் போய்விடும்.

எண்ணிக்கை விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஈரக் கல்லுக்கடியில், தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் சாம்பல் நிறச் சிறு உயிர்கள் இருக்குமே. பூச்சிபோலத் தெரிந்தாலும் நண்டு, இறால் கூட்டத்தைச் சேர்ந்தவை. பாதி ஈரம், பாதி உலர்வு என்ற பெட்டியில் பத்தைவிட்டால் ஒன்பது ஈரப் பக்கம் ஒதுங்கும். பத்துக்கு ஒன்பது என்று எழுதத் தோன்றும். ஆனால் இவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதை விரும்புபவை. ஒன்று போன இடத்துக்கு மற்றவை போயிருந்தால், பத்து வாக்கும் ஒரே வாக்குதான். ஒவ்வொன்றாக விட்டு, நடுவில் பெட்டியைத் துடைத்து, ஈரப் பக்கத்தை இடம் வலமாக மாற்றிச் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், ஈரத்தைத் தேடுவது அப்படியும் தெரியத்தான் செய்கிறது.

செய்யாதவை

எங்கள் குழுவில் முதுகெலும்புள்ள எதையும் சோதனைக்கு எடுப்பதில்லை. நத்தைமேல் உப்புப் போட்டுப் பார்க்கலாமா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வரும். பதில் முடியாது என்பதே. விலங்குச் சோதனைகளுக்காக ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-ல் முன்வைத்த மூன்று கேள்விகளைப் பிள்ளைகளும் கேட்கலாம்: உயிரே இல்லாமல் இதைச் செய்ய முடியுமா, இன்னும் குறைவான எண்ணிக்கையில் முடியுமா, துன்பம் குறைவாகச் செய்ய முடியுமா? மண்ணிலிருந்து எடுத்தவை அன்றே எடுத்த இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மண்புழுவின் தோல் காய்ந்தால் அதற்கு மூச்சு விட முடியாது. ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கட்டும். பூஞ்சை வளர்க்கும் டப்பாவை நாடா ஒட்டி மூடிவிட்டால் அதைத் திறக்கவே கூடாது, அப்படியே குப்பைக்குப் போக வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் அந்தச் சோதனையில் வேண்டாம். கையிலிருந்தோ கழிப்பறைக் கதவிலிருந்தோ துடைத்தெடுத்துக் கிருமி வளர்ப்பதைப் பள்ளி மேசையில் செய்யாதீர்கள். எது வளர்கிறது என்று நமக்குத் தெரியாது. கை கழுவுவதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதைச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகி அழுகுவதால். துணி ஈரமாக இருந்தால் போதும், விதை மிதக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் முடிவு தெரியாத எதையும் சின்னப் பிள்ளைகளிடம் தொடங்காதீர்கள். பயறும் முள்ளங்கியும் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும் என்பதால் அவைதான் என் நிரந்தரத் துணை. பத்து வயதுக்குக் கீழே சராசரி வேண்டாம். வேர்களை நீள வரிசையில் அட்டையில் ஒட்டிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே போதும்.

குறிப்பேட்டை மட்டும் கொடுங்கள்

பென்சிலும் ரப்பரும் எங்கள் குழுவில் கிடையாது. பேனாதான், தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும், அடித்தது படிக்கிற மாதிரியே இருக்க வேண்டும். முளைக்காத விதையும் எண்ணிக்கையில் உண்டு. பூஞ்சை பிடித்ததைத் தூக்கி எறிந்தால், எறிந்தது எழுதப்பட வேண்டும்.

ஆண்டு முடியும்போது ஒரு குழுவின் குறிப்பேட்டை இன்னொரு குழுவிடம் கொடுத்து, எழுதியவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அதே சோதனையைச் செய்யச் சொல்வேன். சென்ற முறை உப்புத் தண்ணீர்ச் சோதனை போனது. "தினமும் ஒரு மூடி தண்ணீர்" என்று இருந்தது. எந்தப் பாட்டிலின் மூடி? "உப்பு கொஞ்சம்." கொஞ்சம் என்றால்? "வேரை அளந்தோம்." எந்த நாள், எங்கிருந்து எங்கே? இரண்டாம் குழு தங்களுக்குத் தோன்றிய மூடியை வைத்துச் செய்தது. உப்புத் தட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை. முதல் குழுவுக்கோ பாதி முளைத்திருந்தது. நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று ஒரு பக்கம், நீங்கள் சரியாக எழுதவில்லை என்று மறுபக்கம். இரண்டு மூடிகளையும் கொண்டுவந்து தராசில் தண்ணீரோடு நிறுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் மற்றதைப்போல இரண்டு மடங்கு பிடித்தது. அதனால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வருமா, உப்பின் அளவும் காரணமா என்று முடிவாகவில்லை. நான்கு தட்டு போட்டிருக்கிறார்கள்: இரண்டு மூடிக்கும் இரண்டு உப்பு அளவுக்கும் சேர்த்து. இந்த முறை உப்பைக் கிராமில் எழுதியிருக்கிறார்கள்.